கேளுங்க சொல்றேன்: சிங் மிங், கபர்ஸ்தான், கிராஞ்சி

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் சீனர். ஏப்ரல்ல சிங் மிங்குக்கு, அதான் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய் கும்பிடுற நாளுக்கு, இங்க சிங்கப்பூர்ல சுவா சூ காங் இடுகாட்டுல இருக்குற அவங்க தாத்தா கல்லறைக்கு எல்லாரும் போறாங்க, நானும் வரணும்னு மாமியார் சொல்லிட்டாங்க. எங்க பக்கம் பொம்பளைங்க சுடுகாட்டுக்கே போக மாட்டோம். ஊதுபத்தி பிடிக்கலாமா, என்ன டிரெஸ் போடுறது, தப்பா ஏதும் செஞ்சிருவேனோன்னு ஒரே பயம். (பொங்கோல் வாசகி)

பதில்: பயம் எதுக்கும்மா, உங்களை வீட்டு ஆளா நினைச்சதாலதானே கூப்பிட்டிருக்காங்க. நமக்கு சுடுகாடுன்னா காரியம் முடிஞ்சதும் திரும்பிப் பாக்காம வர்ற இடம், அவங்களுக்கு இது தாத்தாவைப் பாத்துட்டு வர்ற நாள், புல்லைப் பிடுங்கி கல்லைத் தொடச்சு மங்கிப்போன எழுத்துக்கு பெயிண்ட் அடிச்சு சாப்பாடு படைச்சு ஊர்க்கதை எல்லாம் பேசுவாங்க, அதனால நீங்க எழவு வீட்டுக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சுக்க வேணாம். பளிச்சுனு சிவப்பு மட்டும் வேணாம், வெள்ளை, நீலம், சாம்பல் எது வேணா போடுங்க. செருப்பை விட ஷூ நல்லது, கொசு பின்னி எடுத்துரும்.

நிறைய சீனக் கல்லறைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கல்லு இருக்கும், அது அந்த மண்ணைக் காக்குற சாமி, நம்ம எல்லைச்சாமி மாதிரின்னு வச்சுக்கங்க. முதல்ல அங்க கும்பிட்டுட்டுதான் தாத்தாகிட்ட வருவாங்க. எத்தனை ஊதுபத்தி, எத்தனை தடவை குனியணும்னு மாமியாரைப் பாத்து செய்ங்க, மனசு ஒப்பலைன்னா கை கூப்பி நின்னா போதும், ஆனா அதை முந்தின நாளே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்க, அங்க போய் எல்லார் முன்னாடியும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறது நல்லா இருக்காது. அடுத்த கல்லறை மேட்டுல கால் வைக்காதீங்க, யாரோ படைச்சு வச்ச ஆரஞ்சைத் தாண்டாதீங்க, விரலை நீட்டி 'இது யாரு'ன்னு கேக்காதீங்க.

இந்தத் தடவை வேணாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னும் இருந்துறாதீங்க. 1998ல வந்த விதிப்படி இங்க ஒரு கல்லறைக்கு 15 வருஷம்தான், அப்புறம் தோண்டி எடுத்து எரிச்சு அஸ்தியை மாடத்துல வச்சிருவாங்க, மதத்துல எரிக்கக் கூடாதுன்னா வேற குழியில மறுபடி அடக்கம் பண்ணுவாங்க. தெங்கா விமானப்படைத் தளத்தைப் பெருசாக்க சுவா சூ காங்ல 80,000க்கும் மேல கல்லறைய எடுக்கப்போறதா 2017ல வேற அறிவிச்சாங்க. தாத்தா இப்ப இருக்குற இடம் எத்தனை நாளைக்கோ, மாமியார் அவசரம் அவங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: கூட வேலை பாக்குற மலாய் நண்பரோட அப்பா மவுத்தாயிட்டாரு. அடக்கத்துக்கு இந்துவான நான் போலாமா? பூ வளையம் வாங்கணுமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: தாராளமா போங்க தம்பி, ஆனா சீக்கிரம் கிளம்புங்க, முஸ்லிம் வீட்டுல முடிஞ்சா அன்னிக்கே அடக்கம் பண்ணிருவாங்க, ஆபீஸ் முடிச்சுட்டு வர்றேன்னா ஒண்ணும் பாக்க முடியாது. பூ வளையம் வேணாம். முழு பேன்ட் போடுங்க, ஷார்ட்ஸ் கூடாது, கூட வர்ற பொண்ணுங்க ஒரு துப்பட்டா எடுத்துட்டு வரட்டும். கபருக்கு மேல நடக்காம ஓரமா வழி பாத்து போங்க, இமாம் ஓதும்போது போனை ஆஃப் பண்ணிட்டு பின்னாடி சும்மா நில்லுங்க, துஆவுக்கு எல்லாரும் கை ஏந்துறாங்கன்னு நீங்களும் ஏந்தணும்னு இல்ல. மண் போடச் சொன்னா போடுங்க, நீங்களா முன்னாடி போகாதீங்க. நண்பர் கையைப் பிடிச்சுக்கங்க, அவங்க அம்மாகிட்ட மட்டும் கையை நீட்டாம நெஞ்சுல கை வச்சு லேசா தலை குனிஞ்சா போதும்.

கேள்வி: என் மக ஸ்கூல்ல கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனாங்க, பசங்க கல்லு மேல சாஞ்சு டிக்டாக் எடுத்திருக்காங்க. திட்டினா 'சொந்தக்காரங்க யாரும் இல்லையே, யாருக்கு என்ன'ங்கிறா. (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: சொந்தக்காரங்க இல்லைன்னு யாரு சொன்னா? அங்க ரெண்டாம் உலகப் போர்ல உயிர் விட்டவங்களோட 4,400க்கும் மேல கல்லறை இருக்கு, அதுல 850க்கும் மேல பேரே தெரியாதவங்க. சுவத்துல கல்லறையே கிடைக்காத 24,000க்கும் அதிகமானவங்க பேரு இருக்கு, அதுல இந்தியப் படைக்காரங்களும் உண்டு, அவங்கவங்க மத முறைப்படி எரிச்ச கிட்டத்தட்ட 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையில இருந்தவங்களுக்கு, தனி நினைவுச் சின்னமே வச்சிருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மகளைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பேரையெல்லாம் வாசிக்கச் சொல்லுங்க. போட்டோ எடுக்கட்டும், அதுல தப்பே இல்ல, கல்லுல சாய வேணாம், ஆட வேணாம், அவ்வளவுதான். அந்த வீடியோவை டெலீட் பண்ணச் சொல்லிட்டீங்களா?

கேள்வி: மண்டாய்ல அப்பா அஸ்தி மாடத்துல அவருக்குப் பிடிச்ச காப்பியும் வடையும் வச்சுட்டு வரலாமா?

பதில்: வைங்க, கும்பிடுங்க, கிளம்பும்போது கையோட எடுத்துட்டு வந்துருங்க, எறும்பு வந்தா பக்கத்து மாடத்துக்காரங்களுக்குத் தொல்லை. பூ வைக்கிற குவளையில தண்ணி தேங்க விடாதீங்க, டெங்கி கொசு முட்டை போட்டுரும். வடையை நீங்களே சாப்பிடுங்க.