1972 டாட்சன் 240-இசட்: விற்பதா, மாற்றுவதா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். முதல் உரிமையாளரிடமிருந்தே வாங்கிய 1972 டாட்சன் 240-இசட் ஸ்போர்ட்ஸ் கார் பத்து வருடத்துக்கு மேலாகக் கராஜில் நிற்கிறது. எஞ்சின், ஆரஞ்சு பெயிண்ட் எல்லாமே ஒரிஜினல் என்று சொல்லித்தான் கொடுத்தார். நண்பர்கள் செவர்லே வி-8 எஞ்சின் போடச் சொல்கிறார்கள். அப்படியே விற்றுவிடலாமா, மாற்றலாமா?

பதில்: எஞ்சின் பேச்சு அப்புறம். முதலில் கார் நிஜமாகவே ஒரிஜினலா, அடியில் தகரம் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அப்படியே விற்றுவிட்டு, வேறொருவர் வி-8 போட்டு முடித்த 240-இசட் ஒன்றை வாங்குங்கள். மாற்றிய காரை விற்கும்போது போட்ட பணம் முழுசாகத் திரும்புவது அபூர்வம். அந்த நஷ்டம் ஏன் உங்களுடையதாக இருக்க வேண்டும்?

எண்களிலிருந்து தொடங்குங்கள். எச்எல்எஸ்30 என்று ஆரம்பிக்கும் சேஸிஸ் எண், முன் கண்ணாடி வழியாகத் தெரியும் டாஷ்போர்டு தகட்டிலும் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வாலிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எஞ்சின் அறையில் ரிவெட் அடித்த தகடு ஒன்று உண்டு, அதில் எஞ்சின் எண் இருக்கும். பிளாக்கின் வலது பின்புறம், சிலிண்டர் ஹெட் உட்காரும் விளிம்பை ஒட்டி அதே எண் குத்தப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் துணியாலும் கரைப்பானாலும் துடையுங்கள், கம்பி பிரஷ் வேண்டாம். அங்கே எல்24 (240-இசட்டின் சொந்த எஞ்சின்) என்பதற்குப் பதில் எல்28 என்று இருந்தால், எப்போதோ 280-இசட் எஞ்சின் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஓட்ட அது நல்ல எஞ்சின்தான். ஆனால் ‘ஒரிஜினல்’ என்று விலை சொல்ல முடியாது.

அடுத்தது துரு. இந்தக் காரின் எமன் அதுதான், எஞ்சின் இல்லை. முதலில் பேட்டரியைத் தூக்கிவிட்டு அதன் தட்டைப் பாருங்கள். அமிலம் சொட்டிச் சொட்டி, தட்டு வழியாகக் கீழேயுள்ள ஃபிரேம் ரெயில்வரை அரித்துக்கொண்டு போயிருக்கும். பிறகு காரை ஸ்டாண்டில் ஏற்றி, தரைத் தகடுகளையும் அவற்றின் அடியில் நீளவாக்கில் ஓடும் ரெயில்களையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று கேட்டால் உலோகம். ‘பொத்’ என்று கேட்டால் தாரும் துருவும். உள்ளே கார்ப்பெட்டுக்கு அடியில் தொழிற்சாலை ஒட்டிய தார்ப் பாய் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், மேலிருந்து பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கதவுக்குப் பின்னால் சக்கர வளைவின் கீழ் மூலை, ஸ்டெப்னி குழி, பின்கதவு வந்து அமரும் ரப்பருக்குக் கீழுள்ள விளிம்பு ஆகியவற்றையும் விடாதீர்கள். வெளிப் பெயிண்டுக்கு ஒரு தடிமன் மீட்டர் போதும். தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 100 மைக்ரானை ஒட்டி வரும். ஓரிடத்தில் மட்டும் 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது.

விற்பதென்றாலும் கார் ஓடுகிற நிலையில் இருந்தால்தான் விலை. அதற்காகப் பழைய பெட்ரோலோடு சாவியைத் திருப்பிவிடாதீர்கள். கெட்டுப்போன பெட்ரோல் அரக்குபோல் கார்புரேட்டர்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். டேங்கைக் காலிசெய்து, ரப்பர் எரிபொருள் குழாய்களை எல்லாம் மாற்றுங்கள். பழைய குழாய் வெடித்துச் சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் பெட்ரோல் சொட்டினால் காரே போய்விடும். ஆறு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் சுற்றுங்கள். எளிதாகச் சுற்றினால் மட்டும் ஸ்டார்ட்டர். பின்னர் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை: பிளக்குகள் வெளியே, த்ராட்டில் முழுசாகத் திறந்து. ஆறு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். கேபினுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் டேங்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பின்புற வலது பேனலுக்குள் ஒரு சிறு ஆவித் தொட்டி இருக்கிறது. பெரும்பாலும் அதன் ரப்பர் குழாய்கள்தான் விரிசல் விட்டிருக்கும்.

எண் பொருந்தவில்லை, அல்லது துரு வெட்டி வெல்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது தாராளமாக மாற்றலாம். 1975-ம் அதற்கு முந்தைய மாடலுமான பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் ஸ்மாக் (புகை மாசு) சோதனை இல்லை, அந்தத் தலைவலியும் மிச்சம். ஆனாலும் வி-8-க்கு முன்பு போல்ட்டில் முடிகிற வேலைகளைச் செய்து பாருங்கள். 280-இசட்எக்ஸ் காரின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக உட்காரும். பிளாட்டினம் பாயின்ட் சரிசெய்கிற தொல்லை போய்விடும். பழைய டொயோட்டா 4x4 பிக்கப்பின் நான்கு பிஸ்டன் பிரேக் காலிப்பர், டிஸ்க்கின் பின்புறத் தூசித் தகட்டைக் கொஞ்சம் வெட்டினால் மாட்டும். அந்தத் தகட்டையும் இன்னொரு செட் வாங்கி வெட்டுங்கள்.

280-இசட் குடும்பத்து ஐந்து வேக கியர்பாக்ஸும் பொருந்தும். அதில் நிறையப் பேர் சறுக்கும் இடம் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கின் காலர். அதன் உயரம் கியர்பாக்ஸுக்கு அல்ல, பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும். தவறாகப் போட்டால் பெடலை அடிவரை அமுக்கினாலும் கிளட்ச் விடாது, கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். காரைத் தாழ்த்துவதற்கு காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட நினைத்தால் ஸ்ட்ரட் குழாயை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டிவரும். அதற்கு உடைப்புக் கடையிலிருந்து இன்னொரு ஸ்ட்ரட் செட் வாங்குங்கள். ஒரிஜினல் செட் அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும். சக்கர வளைவை அகலமாக்கும் ஃபெண்டர் ஃப்ளேர் மட்டும் வேண்டாம். வளைவை வெட்டிவிட்டால் திரும்ப வழியில்லை.

விற்கிறவர்களுக்கு: 2020 ஜனவரியில் ‘பிரிங் எ ட்ரெய்லர்’ என்ற இணையக் கார் ஏலத்தில் ஒரு 1971 240-இசட் 3,10,000 டாலருக்குப் போனது. அதை அளவுகோலாக வைத்து விலை சொல்லாதீர்கள். அது மிகக் குறைவாக ஓடிய, விதிவிலக்கான கார். பத்து வருடம் நின்ற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. விற்பதற்காகப் பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். மங்கிப்போன ஒரிஜினல் ஆரஞ்சைத் தேடி வருகிறவர், புதுப் பெயிண்டைக் கண்டால் அடியில் என்ன மறைத்தீர்கள் என்றுதான் கேட்பார். டாஷ்போர்டு விரிசலை மூடும் பிளாஸ்டிக் கவரையும் பசையால் ஒட்டாதீர்கள், பிறகு அதை எடுத்தால் அடியிலுள்ளதும் பிய்ந்து வரும். சீட்டுகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு சிறு பெட்டிகளில் ஜாக்கியும் டூல் பையும் இருக்கிறதா பாருங்கள். கழற்றிப் போட்ட ஸ்மாக் பாகங்கள், பழைய ரேடியோ, வீல் கப், சர்வீஸ் ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள். அடிப்பாகத்தின் படங்களும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோவும் விளம்பரத்தில் கட்டாயம் வேண்டும். அதற்கு முன் டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்ணை ஃபயர்வால் எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒன்று பிசகினாலும் முதலில் டிஎம்வி (மோட்டார் வாகனத் துறை) அலுவலகத்தில் திருத்திவிட்டு, பிறகு விளம்பரம் கொடுங்கள்.