புரோலாக்டின் கூடினால் மாதவிலக்கு ஏன் நிற்கிறது?

கேள்வி: எனக்கு வயது 31. ஏழு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. மார்பை அழுத்தினால் பால் போல் கசிகிறது. நான் கர்ப்பமாக இல்லை. ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் 118 என்று வந்தது. எம்ஆர்ஐ எடுத்ததில் பிட்யூட்டரியில் 6 மில்லிமீட்டர் கட்டி என்கிறார்கள். வாரம் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். தலையில் இருப்பதற்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்? இது மூளைக் கட்டியா? ஆபரேஷன் செய்ய வேண்டி வருமா?

பதில்: முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். இந்தக் கட்டி மூளைக்குள் இல்லை. பிட்யூட்டரி சுரப்பி மூளைக்குக் கீழே, மூக்கின் பின்பக்கத்துக்கு மேலே, தனக்கென்று இருக்கும் ஒரு எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. பட்டாணி அளவுதான், எடை சுமார் அரை கிராம். அதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. 10 மில்லிமீட்டருக்குக் குறைவானவற்றைச் சிறு கட்டி என்றே வகைப்படுத்துகிறோம். உங்களுடையது அந்த வகை. இவை பெரும்பாலும் பல வருடங்கள் அப்படியே இருக்கும், வளர்வதில்லை.

சரி, சம்பந்தத்துக்கு வருவோம். பிட்யூட்டரி பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு சுரப்பிகள். கரு வளரும்போது வாயின் மேற்கூரைத் திசு ஒன்று மேலேறி முன்கதுப்பு ஆகிறது. மூளையின் ஒரு பகுதி கீழிறங்கிப் பின்கதுப்பு ஆகிறது. இரண்டும் அந்தக் குழியில் ஒட்டிக்கொள்கின்றன. பின்கதுப்பு சொந்தமாக எதையும் தயாரிப்பதில்லை. மேலே, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் உருவாகும் ஆக்ஸிடோசினும் வாசோபிரஸினும் நரம்பு இழைகள் வழியே இறங்கிவர, அவற்றைச் சேமித்து வைத்து வெளியிடுகிறது. பிரசவத்தில் கர்ப்பப்பை சுருங்கவும் பால் இறங்கவும் ஆக்ஸிடோசின். உடலில் தண்ணீரைத் தக்கவைக்க வாசோபிரஸின். உங்கள் பிரச்சினையில் இந்தப் பக்கத்துக்கு வேலையில்லை.

முன்கதுப்புதான் நிஜமான உற்பத்திக் களம். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஹெச், வளர்ச்சி ஹார்மோன், சினைப்பையை இயக்கும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், அப்புறம் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என ஆறு முக்கிய ஹார்மோன்கள் இங்கே சுரக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை ஹைப்போதலாமஸ் முடிவு செய்கிறது. அதன் உத்தரவு, இரண்டையும் இணைக்கும் மெல்லிய காம்பில் ஓடும் நுண் ரத்தக்குழாய்கள் வழியே முன்கதுப்பை எட்டுகிறது.

இதில் புரோலாக்டின் மட்டும் தனி ரகம். மற்றவை முக்கியமாக மேலிருந்து தூண்டல் வந்தால் சுரக்கும். புரோலாக்டினோ தடை இல்லாவிட்டால் தானாகவே சுரந்துகொண்டிருக்கும். அந்தத் தடை டோபமின் என்ற ரசாயனம். நாள் முழுக்க ஹைப்போதலாமஸ் அதை அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் புரோலாக்டின் அளவோடு நிற்கிறது. கர்ப்பமாக இல்லாத, பாலூட்டாத பெண்ணுக்கு இது பொதுவாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 25 நானோகிராமுக்குள் இருக்கும். உங்கள் கட்டியில் இருப்பவை புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரக்கும் செல்கள். அவை மொத்தமாகச் சுரப்பதே 118 என்ற எண்ணாகத் தெரிகிறது.

புரோலாக்டின் கூடினால், சினைப்பையை இயக்கும்படி ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு அனுப்பும் சமிக்ஞை மங்கிப்போகிறது. எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் குறைகின்றன. கருமுட்டை முதிர்வதில்லை, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, மாதவிலக்கு நிற்கிறது. பாலூட்டும் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் இதே வழியில்தான். குழந்தை இல்லாமலே உங்கள் உடல் அந்த நிலைக்குப் போயிருக்கிறது. உங்கள் கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ கோளாறு இருப்பதாக இதிலிருந்து நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் நீண்ட நாள் குறைவாகவே இருந்தால் எலும்பு வலுவிழக்கும். கட்டி சின்னதுதானே என்று சும்மா விடாமல் சிகிச்சை கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாத்திரையைத் தொடங்கும் முன் சில விஷயங்களை டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைபாடு இருந்தாலும் புரோலாக்டின் கூடும். கடுமையான குறைபாட்டில் பிட்யூட்டரியே வீங்கி, ஸ்கேனில் கட்டி போலத் தெரிவதும் உண்டு. தைராய்டு மாத்திரை கொடுத்தால் அது சுருங்கிவிடும். ஆகவே டிஎஸ்ஹெச் பார்க்காமல் இந்தச் சிகிச்சைக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் போன்றவை டோபமினைத் தடுப்பதால் புரோலாக்டினை ஏற்றும். இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோனையும் சேர்த்துச் சுரக்கும் கட்டிகள் உண்டு என்பதால் அதைக் காட்டிக்கொடுக்கும் ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை செய்வது நல்லது.

உங்களுக்குக் கொடுத்திருப்பது அநேகமாகக் கேபர்கோலின். டோபமின் செய்யும் வேலையையே இது செய்கிறது: சுரப்பைக் கட்டுப்படுத்துவதோடு கட்டியையும் சுருக்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே புரோலாக்டின் இயல்புக்கு வந்து மாதவிலக்கும் திரும்பிவிடும். ஆபரேஷன் என்பது மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதற்குக் கட்டி அடங்காதவர்களுக்கும்தான் பெரும்பாலும் தேவைப்படுகிறது. அதையும் மூக்கு வழியாகவே செய்கிறார்கள்.

மாத்திரையை இரவில், சாப்பாட்டோடு போடுங்கள். ஆரம்பத்தில் குமட்டலும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் வரலாம். படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள். அரிதாகச் சிலருக்குக் கட்டுக்கடங்காமல் செலவு செய்வது, சூதாடுவது போன்ற மாற்றங்கள் வருகின்றன. அது மருந்தால் வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. உங்களோடு இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கண் பார்வைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடம் பிட்யூட்டரிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. பெரிய கட்டி அதை அழுத்தினால் இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை குறையும். 6 மில்லிமீட்டர் கட்டி பொதுவாக அவ்வளவு தூரம் எட்டாது. என்றாலும் திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக, பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் கருமுட்டை வெளியாகும், அதற்கு இரண்டு வாரம் கழித்தே மாதவிலக்கு வரும். அதாவது, மாதவிலக்கு திரும்பும் முன்பே நீங்கள் கருத்தரிக்கலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் முதல் மாத்திரையிலிருந்தே கருத்தடை முறையைப் பின்பற்றுங்கள். வேண்டும் என்றால் அதையும் டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பம் உறுதியானதும் இந்த மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள்.