200 அடி உயரத்தில் ஓர் அறை, கையில் 150 அடிக் கயிறு: இறங்கித் தப்பிக்க முடியுமா?

முடியும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்றே நினைக்கிறேன். இந்தப் புதிரை வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

நீங்கள் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதி இது: ஜன்னலோரம் ஓர் இரும்பு வளையம். 100 அடி கீழே ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு திட்டு, அங்கும் ஒரு வளையம். கையில் கத்தி உண்டு. குதிக்கக் கூடாது.

எல்லோரும் சொல்லும் விடை: கயிற்றை 50, 100 என வெட்ட வேண்டும். 50 அடியை மேல் வளையத்தில் கட்டி, தொங்கும் நுனியில் ஒரு கண்ணி போட வேண்டும். 100 அடியை அதற்குள் நுழைத்துச் சரிபாதியாகத் தொங்கவிட்டால் 50 + 50, திட்டுக்கு வந்துவிடலாம். பிறகு ஒரு நுனியை இழுத்தால் 100 அடியும் உருவிக்கொண்டு வந்துவிடும். அதைக் கீழ் வளையத்தில் கட்டி மிச்சத்தை இறங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: கண்ணிக்குக் கீழே இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்தால் மற்றது உருவிக்கொள்ளும், ஆள் காலி.

ஒரு நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டபோது நான் வேறு விடை சொன்னேன். முப்புரிக் கயிறுதானே, ஒரு புரியை மட்டும் முழு நீளத்துக்கும் பிரித்தெடுத்து, இரட்டைப் புரியின் நுனியில் முடிந்துவிட்டால் கிட்டத்தட்ட 300 அடி. கத்தியும் வேண்டாம், திட்டும் வேண்டாம். எதிரே இருந்தவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது" என்றார். நான் விடவில்லை. "உங்கள் விடையில் 50, 50, 100 கூட்டினால் சரியாக 200. வளையத்தில் கட்டவும் கண்ணி போடவும் கயிறு எங்கிருந்து வரும்?" என்றேன். அது தாளில் இல்லை.

ஆள் உயரத்தில் அதை ஈடுகட்டலாம் என்று யாராவது வருவீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைப் புரி தாங்குமா என்று இன்னொருவர் வருவார். 12 மில்லிமீட்டர் முப்புரி நைலான் கயிறு, புதிதாக இருந்தால், 2 டன்னுக்கு மேல் தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, முடிச்சு பாதிப் பலத்தைத் தின்றுவிட்டது என்று வைத்தாலும் 300 கிலோ மிஞ்சும். ஒல்லியாக இருந்தால் கை வழுக்குமே? அதுதான் 100 அடி உபரி இருக்கிறதே, பிடிப்புக்கு வழிநெடுக முடிச்சுப் போடுங்கள். (நிஜத்தில் யாரும் செய்து பார்க்காதீர்கள், இது வெறும் கணக்கு.)

தெரிந்த விடையை ஒப்பிக்கிறவனுக்கு வேலை, கேள்வி கேட்கிறவனுக்கு வாசல். கூகுளில் ஆள் எடுக்கும் பிரிவுக்கே தலைவராக இருந்த லாஸ்லோ பாக், இந்த மாதிரிப் புதிர்களால் ஒரு பயனும் இல்லை என்று 2013-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தேர்வு நடத்துகிறவர்கள் காதில் மட்டும் விழவே இல்லை. "தகவல் சொல்கிறோம்" என்றார்களே, அதையாவது செய்தார்களா? தேர்வாகவில்லை என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? போக்குவரத்துச் செலவைத் தருவதாகச் சொல்லி டிக்கெட்டின் அசலையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பணமும் வரவில்லை, டிக்கெட்டும் வரவில்லை.