'கொள்ளை அழகு', 'கொள்ளை ஆசை' என்பதில் 'கொள்ளை'க்கு என்ன பொருள்? அதைக் கட்டுரையில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். யாரோ உங்கள் கட்டுரையில் அதைச் சுழித்துவிட்டு 'கொச்சை' என்று குறித்திருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது.

பாட்டி இறந்தபின் ஒரு சிற்றிதழுக்கு அவளைப் பற்றி எழுதினேன். 'பாட்டிக்கு மல்லிகை என்றால் கொள்ளை ஆசை' என்பது முதல் வரி. தாத்தா போனதிலிருந்து அவள் பூ வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் சாயங்காலம் உட்கார்ந்து தொடுப்பாள். எங்கள் தலையில் வைத்துவிட்டு, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தன் விரல்களை முகர்ந்து பார்ப்பாள். அந்த ஆசைக்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இதழ் அச்சாகி வந்தபோது, 'பாட்டிக்கு மல்லிகைப் பூவின்மீது மிகுந்த ஆர்வம் இருந்தது' என்றிருந்தது. ஏதோ தாவரவியல் படித்தவளைப் பற்றிய குறிப்பு போல. கேட்டதற்கு, "கொள்ளை என்றால் திருட்டு அல்லவா? பேச்சில் சரி, எழுத்தில் கூடாது" என்றார்கள்.

நான் தமிழாசிரியர் இல்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் 'கொள்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது என்பது எனக்குத் தெரியும். பிறர் பொருளை அள்ளிக்கொள்வதும் கொள்ளை, அள்ள அள்ளக் குறையாமல் கிடப்பதும் கொள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனே 'மிகுதி' என்று இதற்குப் பொருள் தருகிறது. எழுத்தில் கூடாது என்பவர்கள் பாரதியாரை என்ன செய்வார்கள்? கலைமகளைப் பாடும்போது 'கொள்ளை இன்பம் குலவு கவிதை' என்றுதான் எழுதினார். அங்கே 'மிகுந்த இன்பம்' என்று வைத்துப் படித்துப் பாருங்கள், வரி விழுந்துவிடும்.

உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். நன்னூலில் சால, கூர், கழி ஆகியவையும் சேர்ந்து அது ஆறாகிறது. மிகுதியைச் சொல்லப் புதுச்சொல் சேர்வது தமிழுக்குப் புதிதல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். கொள்ளை எல்லாவற்றோடும் ஒட்டாது. கொள்ளை அழகு, கொள்ளை ஆசை, கொள்ளைப் பிரியம் என்போம். கொள்ளைக் கவலை, கொள்ளைக் கோபம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மனம் விரும்பி ஏற்கும் மிகுதிக்கே அது பொருந்துகிறது. 'கொள்ளைநோய் இருக்கிறதே' என்பீர்கள். அது உயிர்களை வாரிக்கொண்டு போகும் நோய், அங்கே இருப்பது சூறையாடுகிற கொள்ளை. எனவே அளவை மட்டும் சொல்ல வேண்டிய அறிக்கையில் 'மிகுந்த', 'ஏராளமான' என்று எழுதுங்கள். ஆசையைச் சொல்லும் இடத்தில் கொள்ளையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

    

அந்த இதழின் என்னிடம் உள்ள பிரதியில் 'மிகுந்த ஆர்வம்' என்பதைப் பேனாவால் அடித்து, மேலே 'கொள்ளை ஆசை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மா படிக்கக் கேட்டபோது அதைத்தான் கொடுத்தேன். முதல் வரியோடு நிறுத்திவிட்டு, வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.