ரோபோட்ரான் 2084: மூலைவாக்கில் ஓடினால் சுடுவது நிற்கிறதா?

பழைய ஆர்கேட் சுடும் ஆட்டமான ரோபோட்ரானை மேம் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) வழியாகக் கீபோர்டில் ஆடுகிறீர்களா? கோளாறு உங்கள் விரல்களில் இல்லை, கீபோர்டில்தான். மேல்-வலமாக ஓடிக்கொண்டே மேல்-இடமாகச் சுட ஒரே சமயத்தில் நான்கு விசைகள் வேண்டும். விலை குறைந்த மெம்ப்ரேன் கீபோர்டுகளில் விசைக்கொரு டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்) இருக்காது. அதனால் சில கூட்டணிகளில் மூன்றாவது விசையையே கீபோர்டு விழுங்கிவிடும்.

சோதித்துப் பாருங்கள்: மேமில் முதலிலேயே இருக்கும் விசை அமைப்பை மாற்றவில்லை என்றால் நோட்பேடைத் திறந்து ஈ, எஃப், ஐ, ஜே நான்கையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். ஓர் எழுத்து விழாவிட்டாலும் காரணம் அதுதான்.

1. மேமில் டேப் விசையை அழுத்தினால் வரும் மெனுவில் விசைகளை மாற்றி, நான்கும் பதிவாகும் கூட்டணியைத் தேடலாம்.
2. இரண்டு ஸ்டிக் உள்ள கேம்பேடு இன்னும் நல்லது: இடது நகர, வலது சுட. 1982-இல் வந்த அசல் இயந்திரத்திலும் சுடும் பட்டனே கிடையாது, இரண்டு எட்டுத்திசை ஜாய்ஸ்டிக் மட்டும். ஓடும் திசையும் சுடும் திசையும் தனித்தனி என்பதில்தான் இந்த ஆட்டத்தின் சுகமே இருக்கிறது.

ஒன்று மட்டும்: கேம்பேடு வந்தாலும் ஹல்க் என்ற எதிரி ரோபோ சாகாது. குண்டு பட்டால் பின்னால் தள்ளப்படும், அவ்வளவே. ஒரே திரை, ஒளிய மறைவிடம் கிடையாது. அதைத் தள்ளி வழி உண்டாக்கிக்கொண்டு ஓடுங்கள்.