செப்சிஸ்: ஐசியூ சிஸ்டரிடம் நீங்கள் கேட்டவை

செப்டம்பர் 13 உலக செப்சிஸ் தினம். அதையொட்டி, மனதில் இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். மருந்து எழுதித்தருவது உங்கள் டாக்டரின் வேலை. எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், பிழைத்து வீடு திரும்பியவருக்கு என்னென்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

கேள்வி: மாமனாருக்கு ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன் ஏறிடுச்சுன்னு சொன்னாங்க. ஆனா பிளட் கல்ச்சர்ல ஒண்ணும் வரலை. அப்போ எதுக்கு ஐசியூ?

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் கல்ச்சர். அதில் எதுவும் வளராவிட்டாலும் செப்சிஸ் இருக்கலாம். செப்சிஸ் என்றால் இதுதான்: நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, வயிற்றிலோ, கால் புண்ணிலோ ஒரு தொற்று வருகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு கட்டுமீறிப் போய்த் தன் உறுப்புகளையே சேதப்படுத்த ஆரம்பிக்கிறது. ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, பிரஷர் இறங்குகிறது, சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாக அடி வாங்குகிறது. உலக அளவில் 2017இல் மட்டும் சுமார் 4.89 கோடி பேருக்கு வந்து 1.1 கோடிப் பேர் இறந்ததாக, 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. உலகில் நடக்கும் ஐந்து மரணங்களில் ஒன்று, கிட்டத்தட்ட. இவ்வளவு பெரிய விஷயத்தின் பெயரை நம் ஊரில் பலரும் ஐசியூ வாசலில் நிற்கும்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: அம்மாவுக்கு வயசு எழுபது, சுகர் இருக்கு. சாதாரணக் காய்ச்சலா, செப்சிஸான்னு வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் காய்ச்சலை மட்டும் நம்பாதீர்கள். வயதானவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் வரலாம், சிலருக்கு உடம்பு சில்லென்றுகூட ஆகிவிடும்.

நான் முதலில் பார்ப்பது ஆளின் தெளிவை. நேற்று வரை ஒழுங்காகப் பேசியவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நாக்கு குழறுகிறது, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார், எழுப்பினால் கண் திறந்து மறுபடி தூங்கிவிடுகிறார். "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவோம் பாருங்கள், அங்கேதான் நேரம் போய்விடுகிறது. அடுத்து மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்; பெரியவர் சும்மா படுத்திருக்கும்போதே 22க்கு மேல் போனால் சரியில்லை. அப்புறம் சிறுநீர்: காலையிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லையா? கை கால் சில்லிட்டிருக்கிறதா, முழங்கால் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கிறதா? நம் நிறத்தில் தோலில் தெரியாவிட்டால் உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் பாருங்கள். விரல் நகத்தை ஐந்து நொடி அழுத்திவிட்டு விடுங்கள். சிவப்பு திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். விரல் ஜில்லென்று இருக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், "நான் பிழைக்க மாட்டேன் போல" என்று அவர்களே சொல்வது, இரண்டையும் அப்படியே நம்புங்கள். காரணமில்லாமல் சுகர் திடீரென்று ஏறுவதும் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

எல்லாம் சேர்ந்து வரும் வரை காத்திருக்கக் கூடாது. தொற்று இருக்கும் ஒருவரிடம் இதில் ஒன்று தெரிந்தாலே கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஆணி குத்தினதுக்கு டிடி ஊசி போட்டாச்சு. இனி செப்டிக் ஆகாதுல்ல?

அந்த ஊசி டெட்டனஸைத் தடுக்கத்தான். புண்ணைச் செப்டிக் ஆக்கும் மற்ற கிருமிகளைத் தடுக்காது. புண் சிவந்து, வீங்கி, சிவப்பு மேலே பரவினால் உடனே காட்டுங்கள். சுகர் இருந்தால் தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் வலியே தெரியாது.

கேள்வி: எங்க கிராமத்துல காய்ச்சல்னா மெடிக்கல்ல மாத்திரை வாங்குவோம், இல்லேன்னா ஒரு ஊசி. அஞ்சு நாளா விடலைன்னா?

ஐந்து நாள் காத்திருந்ததே அதிகம். நம் பக்கம் மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் உண்ணிக் காய்ச்சல் நிறைய வரும். புதரில், வரப்பில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் கயிறு படும் இடம், இங்கெல்லாம் துணியை விலக்கித் தேட வேண்டும். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் இதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து வேண்டும். வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், தீவிரமான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றியது தனித்தனியாகக் கொடுத்ததைவிட நல்ல பலன் தந்தது. விட்டுவிட்டால் இதுவும் செப்சிஸில்தான் போய் நிற்கும். டாக்டரிடம் "வயல்ல வேலை, காட்டுப்பக்கம் போனேன்" என்று சொல்லுங்கள், அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய உதவி.

கேள்வி: தங்கச்சிக்குப் பிரசவமாகி ஆறு நாள். குளிர் காய்ச்சல். பால் கட்டினதாலன்னு பாட்டி சொல்றாங்க.

பாட்டி சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பிரசவம், சிசேரியன், கருச்சிதைவு, எதுவாக இருந்தாலும் ஆறு வாரத்துக்குள் குளிர் காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றத்துடன் கசிவு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழந்தையையும் கவனியுங்கள்: பால் குடிக்க மறுப்பது, துவண்டு போவது, உடம்பு சில்லிடுவது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, இவை பச்சிளம் குழந்தையில் அவசரம். தொப்புளில் எண்ணெய், சாம்பல், எதுவும் வைக்கக் கூடாது.

கேள்வி: டாக்டர்கிட்ட எதிர்த்துக் கேட்டா கோபப்படுவாரே சிஸ்டர்?

எதிர்க்க வேண்டாம், கேளுங்கள். "இது செப்சிஸா இருக்குமா டாக்டர்?" அவ்வளவுதான். நியூயார்க்கில் 2012இல் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுப் பையன் பள்ளியில் பந்து விளையாடும்போது விழுந்து முழங்கையில் சிராய்த்துக்கொண்டான். அவசரப் பிரிவு வரை போய் வீட்டுக்கு அனுப்பப்பட்டான், சில நாளில் செப்சிஸில் இறந்தான். அவன் பெற்றோர் விடாமல் போராடியதால் 2013இல் அந்த மாநில ஆஸ்பத்திரிகளுக்கு செப்சிஸைக் கண்டறிந்து உடனே சிகிச்சை தொடங்கும் விதிமுறை வந்தது. லண்டனில் 2021இல் செப்சிஸில் இறந்த 13 வயது மார்த்தா மில்ஸின் பெற்றோர் தங்கள் கவலையை முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது இங்கிலாந்தில் நோயாளியோ குடும்பமோ இன்னொரு குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லும் முறை அவள் பெயரிலேயே இருக்கிறது. பிரஷர் இறங்கிய செப்சிஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். எனவே நீங்கள் கேட்கும் கேள்விக்கு மதிப்பு உண்டு. கோபப்பட்டால் படட்டும்.

கேள்வி: இது ஒட்டுமா? பேரப்பிள்ளையைப் பக்கத்துல விடலாமா?

செப்சிஸ் ஒட்டாது, அதைக் கிளப்பிய தொற்று சிலது ஒட்டலாம். கை கழுவிவிட்டுத் தாராளமாகப் பக்கத்தில் உட்காரட்டும்.

கேள்வி: பிழைச்சு வந்து மூணு மாசம். முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது, படிச்சது நிக்கலை, ராத்திரி கெட்ட கனவு. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு ஆபீஸ்ல நடிக்கிறதா நினைக்கிறாங்க.

நீங்கள் நடிக்கவில்லை. இதை உங்கள் வீட்டாரும் படிக்கட்டும்.

பெரிய நோய்க்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் திரும்ப வளரும். ஐசியூவில் படுத்த படுக்கையாக இருக்கும்போது தசை வேகமாகக் கரைகிறது, மாடிப்படி ஏறினால் கால் நடுங்குவது அதனால்தான். நினைவும் கவனமும் குறைவதை, வயதானவர்களைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வே காட்டியது. சிலருக்கு அது வருடக்கணக்கில் நீடிக்கிறது. கனவுகள்? என் வார்டில் இருந்த ஒருவர் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் ட்யூபில் விஷம் ஏற்றுகிறேன் என்று இன்னொருவர் கையைத் தட்டிவிட்டார். மயக்க மருந்தும் நோயும் சேர்ந்து மூளையைக் குழப்பும்போது நடப்பது இது, வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் காட்சிகள் துரத்தும். அங்கே இருந்த நாட்களில் உண்மையில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரை நாள்வாரியாகச் சொல்லச் சொல்லுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள். எது கனவு, எது நடந்தது என்று பிரித்துவிட்டால் பயம் கொஞ்சம் இறங்கும்.

வேலைக்கு முதலில் அரைநாள் கேளுங்கள், டாக்டரிடம் அதற்குக் கடிதம் வாங்குங்கள். உடற்பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மனநல உதவி எண் 14416க்கு போன் செய்யுங்கள், எந்த நேரமும் பேசலாம்.

கேள்வி: அப்பா போயிட்டார். முந்தின நாளே கூட்டிட்டுப் போயிருந்தா?

சீக்கிரம் போனால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் சரியான நேரத்தில் வந்தும், எல்லா மருந்தும் கொடுத்தும், நாங்கள் இழந்தவர்கள் இருக்கிறார்கள். யாரும் சொல்லித்தராத ஒன்று உங்களுக்குத் தெரியாமல் போனது குற்றமில்லை தம்பி.

கேள்வி: அப்பா போன மாசம் செப்சிஸ்ல இருந்து டிஸ்சார்ஜ் ஆனார். மதியத்துலேர்ந்து நடுக்கம், ரெண்டு தடவை என் பேரை மாத்திக் கூப்பிட்டார். ராத்திரி ஆயிடுச்சு, காலைல போகலாமா?

இப்போதே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம்; அமெரிக்கக் கணக்குகளில் செப்சிஸிலிருந்து வீடு திரும்பியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 90 நாளுக்குள் மீண்டும் அட்மிட் ஆகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய கல்ச்சர் ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், மூன்றையும் ஒரு பையில் போடுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று வழியில் கேட்டு வையுங்கள். அங்கே போனதும் காய்ச்சல் என்று ஆரம்பிக்காமல், "போன மாதம் செப்சிஸ் வந்தவர், இன்று குழப்பமாகப் பேசுகிறார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.