பிரிந்த கணவர் எழுத, மனைவி பாடினார்: அபா பாடல் பற்றிய கேள்வி பதில்

சுவீடன் நாட்டு அபா இசைக்குழு 1980இல் வெளியிட்ட ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ (வென்றவருக்கே எல்லாம்) பாடலைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, இது அவர்களுடைய சொந்த விவாகரத்துக் கதைதானே?

குழுவின் பியோர்ன் உல்வேயஸும் அக்னெதா ஃபெல்ட்ஸ்கூகும் 1971இல் மணந்தவர்கள். பிரிந்துவிட்ட செய்தி 1979 ஜனவரியில் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு பியோர்ன் இந்தப் பாட்டை எழுதினார். பிரிவின் வலி உண்மை, கதை கற்பனை, எங்களில் வென்றவரும் இல்லை தோற்றவரும் இல்லை என்பது அவருடைய வாதம். எங்களைப் பற்றித்தான் எழுதினார் என்று அக்னெதா வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நான் அக்னெதா பக்கம். எழுதியவர் மழுப்பலாம், பாடியவருக்குத் தெரியாதா?

பிராந்தி குடித்துக்கொண்டே எழுதினாராமே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. பக்கத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் எழுதி முடித்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே மெட்டு தயார். ‘தி ஸ்டோரி ஆஃப் மை லைஃப்’ என்பது தற்காலிகத் தலைப்பு. பிரெஞ்சு போல ஒலிக்கும் பொருளற்ற சொற்களைப் போட்டு மெட்டைப் பாடிப் பார்த்தார்கள். அந்தச் சாயல் இன்றும் மெட்டில் கேட்கும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பாட்டிலைத் தேடிப் போக வேண்டாம். நல்ல மெட்டைத் தேடுங்கள்.

எப்போது வெளியானது? எங்கெல்லாம் ஓடியது?

1980 ஜூலை 21. ஆகஸ்டில் பிரிட்டனில் முதலிடம். நவம்பரில் ‘சூப்பர் ட்ரூப்பர்’ ஆல்பத்தில் சேர்ந்தது. அமெரிக்காவில் 1981இல் எட்டாம் இடம்.

இசை படிக்கும் மாணவி நான். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் அலுக்கவில்லை?

சரியாகப் பிடித்துவிட்டீர்கள், அம்மா. கிட்டத்தட்ட ஐந்து நிமிடப் பாட்டுக்கு அடிப்படை இரண்டே மெட்டுத் துணுக்குகள். இரண்டும் மேலிருந்து கீழே இறங்குகின்றன. பியானோவும் அப்படியே இறங்குகிறது. மெட்டு மாறாததால் மாற்றம் முழுவதும் குரலிலும் வாத்தியங்களிலும் நடந்தாக வேண்டும். தொடக்கத்தில் பியானோவை ஒட்டி, அருகில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடுகிறார் அக்னெதா. பிறகு தாளமும் பின்னணிக் குரல்களும் வந்து சேர்ந்து எல்லாம் பெருகுகிறது. கடைசிச் சரணத்தில் திடீரென வாத்தியங்கள் அடங்குகின்றன. கோபமெல்லாம் வடிந்து, கண்ணியமாக விலகப் பார்க்கும் பெண் அங்கே தெரிகிறாள். உடனே அடுத்த அடிகளில் குரல் மீண்டும் உயர்ந்து, அந்தக் கண்ணியம் உடைகிறது. சுருதியை மாற்றி உணர்ச்சியை ஏற்றும் வழக்கமான தந்திரம் இதில் இல்லை. என்னைக் கேட்டால், வம்புச் செய்தியைவிட இந்தக் கட்டுமானம்தான் பாட்டை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியது.

விட்டுப் பிரிந்த மனைவியையே அதைப் பாட வைத்தது கொடுமை இல்லையா?

கேட்பவர்களுக்கெல்லாம் இந்தச் சந்தேகம் வரும். அக்னெதாவிடம் அந்தக் குறை இல்லை. இவ்வளவு உணர்வைக் கொட்டிப் பாட முடிந்ததைப் பெருமையாகத்தான் நினைவுகூர்ந்திருக்கிறார். தோற்றவள் தரப்பைக் கணவர் எழுதி மனைவியின் வாயில் வைத்தார் என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அக்னெதாவை அந்த இடத்தில் பரிதாபப் பொருளாகப் பார்ப்பது அவருடைய கலையைக் குறைத்துப் பார்ப்பதாகும்.

காணொளியில் மற்ற மூவரும் சிரிக்கிறார்களே?

வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சுவீடனின் மேற்குக் கரையில் உள்ள மார்ஸ்ட்ராண்டில் லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் படமாக்கினார். பின்னாளில் ஹாலிவுட்டுக்குப் போன அதே இயக்குநர். மூவரும் கூடிக் களிக்க, அக்னெதா தனியாக இருக்கிறார். கொஞ்சம் அப்பட்டமான உத்தி, ஆனாலும் வேலை செய்கிறது.

இந்த விவாகரத்துதான் குழுவைக் கலைத்ததா, அண்ணா?

இது மட்டும் இல்லை, தம்பி. 1981இல் குழுவின் மற்ற இருவரான பென்னி, ஃப்ரீடா தம்பதியும் பிரிந்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டில் ‘தி விசிட்டர்ஸ்’ ஆல்பம் வந்தது. 1982 இறுதியில் குழு ஓய்ந்தது, யாரும் கலைப்பதாக அறிவிக்கவில்லை. 2021இல் ‘வோயேஜ்’ ஆல்பத்துடன் நால்வரும் திரும்பினார்கள்.

இது பிடித்தவர்கள் அடுத்து எதைக் கேட்கலாம்?

‘தி விசிட்டர்ஸ்’ ஆல்பத்தில் உள்ள ‘வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்’. இந்த முறை பென்னி–ஃப்ரீடா பிரிவைப் பற்றி பியோர்ன் எழுதினார். பாடியவர் ஃப்ரீடாவேதான்.